இரண்டு கிளிக்

ஐஸ் மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு குமரேசன் உள்ளே வந்தபோது, வண்டி உருளைகளின் மேல் நான்காவது கியரில் ஓடிக்கொண்டிருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. காக்கி புக்கிட்டில், பல மாடித் தொழிற்கூடம் ஒன்றின் மேல்மாடியில் எங்கள் பட்டறை. இரும்புக் கதவைப் பாதி இறக்கி வைத்திருந்தோம். ஆள் உயர விசிறி வண்டியின் முன்னால் நின்று காற்றை அடித்துக்கொண்டிருந்தது. ரப்பர் காயும் நெடி. நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், கணினித் திரைக்கு முன்னால் இருந்தேன். என் பக்கத்தில் வண்டியின் சொந்தக்காரர் அரவிந்த், கைபேசியில் திரையைப் படம் பிடித்துக்கொண்டு. வண்டிக்குள் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தது என் மனைவியின் தம்பி தினேஷ்.

குமரேசன் வண்டியைப் பார்த்தான். பிறகு அதன் முன்சக்கரத்துக்குக் கீழே பார்த்தான். மூட்டையைப் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு வண்டியை நோக்கி ஓடினான்.

அவன் ஏன் ஓடினான் என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் இயந்திரம் பேசியாக வேண்டும். பேருந்துப் பணிமனையில் நான் வேலை செய்த நாட்களை இந்தத் தொடரில் எழுதியபோது, “சார், போல்ட்டு நட்டெல்லாம் குறைச்சுக்குங்க” என்று ஒரு வாசகர் அன்போடு கேட்டுக்கொண்டார். அவர் இந்த வாரம் மட்டும் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செருப்போடு ஓர் எடை, செருப்பில்லாமல் ஓர் எடை

டைனோ என்பது வண்டியின் பலத்தை அளக்கும் இயந்திரம். வண்டி நகராது. அதன் சக்கரங்கள் தரையில் பதித்த உருளைகளைச் சுழற்றும். எவ்வளவு வேகமாக, எவ்வளவு பலத்தோடு சுழற்றுகிறது என்பதைக் கணக்கிட்டு, இத்தனை குதிரைத்திறன் என்று திரை சொல்லும். வண்டி பாய்ந்து வெளியே ஓடிவிடாமல் இருக்க, அதைத் தடித்த பட்டைகளால் தரையோடு இழுத்துக் கட்ட வேண்டும். பட்டையில் ஒரு நெம்புகோல் உண்டு. அதை அழுத்த அழுத்த ‘கிளிக், கிளிக்’ என்று பட்டை இறுகும்.

இன்னொரு வகை டைனோவும் உண்டு. அதில் சக்கரத்தையே கழற்றிவிட்டு அச்சோடு நேராக இயந்திரத்தைப் பொருத்துவார்கள். டயர் உருளையில் அழுந்தி வீணாகும் பலம் அங்கே வீணாகாது. அதனால் எண் கூடுதலாக வரும். எல்லை தாண்டி ஜொகூரில் ஒரு கடையில் இந்த வகைதான்.

அதே வண்டி, அதே எஞ்சின். அங்கே ஓர் எண், இங்கே ஓர் எண். கிளினிக்கில் செருப்போடு எடை பார்த்துவிட்டு வீட்டில் வெறுங்காலோடு பார்த்தால் உடம்பு இளைத்துவிட்டதா என்ன? இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். யாரும் நம்பியதில்லை. கூடுதலாகக் காட்டும் இயந்திரம்தான் நல்ல இயந்திரம் என்பது மனிதர்களின் எண்ணம்.

இந்த ஊரில் கார் வைத்திருப்பதே ஒரு தவம். அதை வாங்கும் உரிமைக்கே தனியாக ஏலம். விரைவுச்சாலையில் தொண்ணூறைத் தாண்டினால் கேமரா. முந்நூறு குதிரைகளை இங்கே எந்தச் சாலையில் அவிழ்த்துவிடுவது? ஓட்ட முடியாததால் எண்ணைக் காட்டிக்கொள்கிறார்கள். கைபேசிக் குழுக்களில் பட்டியல் போடுகிறார்கள். யார் வண்டி முதலிடம், எந்தக் கடை டியூனிங். எங்கள் பிழைப்பும் அதில்தான் ஓடியது. எனவே சிரிக்க எனக்கு அதிக உரிமை இல்லை.

அவன் வழியும் என் வழியும்

டர்போ வண்டிக்கு முதல் எதிரி வெயில். டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. அமுக்கிய காற்று கொதிக்கும். அதை ஆற்றுவதற்கு இன்டர்கூலர் என்று ஒரு பெட்டி முன்னால் இருக்கும். நம் ஊர் வெயிலில், சிக்னலில் நின்று நின்று போகும் வண்டியில், அந்தப் பெட்டியே அடுப்பாகிவிடும்.

அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். மூன்று ஓட்டம் தொடர்ந்து எடுப்பேன், இடையில் ஆறவிட மாட்டேன். மூன்றாவது ஓட்டத்தில் வண்டி நன்றாகக் காய்ந்திருக்கும், எண் இறங்கியிருக்கும். அந்த எண்ணைத்தான் வாடிக்கையாளரிடம் கொடுப்பேன். அந்தச் சூட்டிலும் எஞ்சின் தட்டாமல், இருமாமல் ஓடுகிறதா என்று பார்த்துத்தான் டியூன் செய்வேன்.

தினேஷுக்கு இது பிடிக்காது.

“மச்சான், கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வர்றப்ப யாராச்சும் பொண்ண வெயில்ல நிக்க வச்சுக் காட்டுவாங்களா?” என்பான். “வண்டிய நல்லா ஆறவிட்டு, ஐஸ் வச்சு, முதல் ரன்ன பிரிண்ட் எடுத்துக் குடுங்க. எல்லாக் கடையிலயும் அப்படித்தான் லா.”

கெட்டவன் இல்லை. இதை நான் இப்போதும் சொல்வேன். வாய்ச்சாலகன், கைராசிக்காரன். நான் முறைத்து அனுப்பும் வாடிக்கையாளரை அவன் கீழே போய்க் காப்பி வாங்கிக் கொடுத்துத் திரும்ப அழைத்து வருவான். கடை இருவருக்கும் பாதிப் பாதி. என் மனைவி கலாவுக்கு அவன் ஒரே தம்பி. அம்மா போன பிறகு அவள் கையால் சோறு தின்று வளர்ந்தவன்.

குமரேசன் அறந்தாங்கிப் பக்கம். முப்பத்தைந்து வயது இருக்கும். கிராஞ்சியில் தொழிலாளர் விடுதியில் தங்கியிருந்தான். வண்டியை உருளையில் ஏற்றிக் கட்டுவது அவன் பொறுப்பு. கட்டி முடித்துவிட்டு ஒவ்வொரு பட்டையையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பான். பிறகு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து என்னிடம் கட்டைவிரலைக் காட்டுவான். ஞாயிற்றுக்கிழமை தேக்கா கடைத்தெருவில் கூட்டாளிகளோடு அவனைப் பார்த்தால், வெள்ளைச் சட்டையும் நல்ல செருப்புமாக, வேறு ஆள் போல இருப்பான்.

பதினேழு குறைவு

அரவிந்த் வங்கியில் வேலை செய்பவர். மரியாதையான பிள்ளை. அவருடைய வண்டியை முதலில் ஜொகூர்க் கடையில் டியூன் செய்து, முந்நூற்றுப் பதினெட்டு என்று வரைபடம் வாங்கி வந்திருந்தார். ஆனால் வண்டி வெயிலில் திணறியது. அதனால் எங்களிடம் வந்தார். அந்தக் கடையின் டியூனோடு எங்கள் உருளையில் ஓட்டினேன். இருநூற்று எண்பத்தெட்டு. இரண்டு நாள் உட்கார்ந்து நான் சரிசெய்த பிறகு, அன்று காலை, முந்நூற்று ஒன்று.

என் கணக்கில் பதின்மூன்று ஏறியிருந்தது. அரவிந்த் கணக்கில் பதினேழு இறங்கியிருந்தது.

“அங்கிள், ட்ரைவ் சூப்பரா இருக்கு. ஆனா இந்த நம்பர குரூப்ல எப்படிப் போடறது?” என்றார். “நீங்க டியூன் பண்ணிக் குறைச்சிட்டீங்கன்னு சொல்லுவாங்க.”

செருப்புக் கதையைச் சொன்னேன். தலையாட்டினார். முகம் தெளியவில்லை.

“மச்சான், நீங்க நகருங்க. ரெண்டு ரன் நான் எடுக்கறேன்” என்றான் தினேஷ். குமரேசனைக் கூப்பிட்டு, “கீழ போய் ஐஸ் வாங்கிட்டு வா. பெரிய மூட்டை” என்று அனுப்பினான். பிறகு உருளைப் பக்கம் போனான். வண்டியின் முன்னால் குனிந்து ஏதோ பார்த்தான். மடிக்கணினியோடு வண்டிக்குள் ஏறிக்கொண்டான். நான் திரையைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

முதல் ஓட்டம். முந்நூற்று ஒன்பது.

அரவிந்த் கைதட்டினார். கைபேசியில் அந்த எண்ணைப் படம் எடுத்துக்கொண்டார். எனக்குப் புரியவில்லை. ஐஸ் இன்னும் வரவில்லை. வண்டி காலையைவிடச் சூடாகத்தான் இருந்தது. எண் இறங்கியிருக்க வேண்டும்.

ஒலிவாங்கியில் கேட்டேன். “என்ன மாத்துன?”

“இக்னிஷன் டைமிங்ல ஒரு டிகிரி, மச்சான்.”

“டேட்டா லாக்கக் காட்டு. பாத்துட்டு அடுத்தது எடுக்கலாம்.”

“அப்புறம் காட்டறேன் லா. சூடு ஏறுது.”

நான் எழுந்து கண்ணாடியைத் தட்டினேன். அதற்குள் அவன் கியரை ஏற்றிவிட்டான். அப்போதுதான் கதவுக்குக் கீழே குனிந்து, ஐஸ் மூட்டையோடு குமரேசன் வந்தான்.

அந்த நொடி

முன்சக்கரங்களால் ஓடும் வண்டிக்கு உருளையின் மேல் ஒரு கெட்ட புத்தி உண்டு. முழு வேகம் எடுக்கும்போது மூக்கை இடமும் வலமும் திருப்பப் பார்க்கும். குறுக்கே கட்டிய பட்டைகள்தான் அதை நேராகப் பிடித்து வைப்பவை. குமரேசன் பார்த்தது அந்தப் பட்டைகளில் ஒன்றை. தான் இழுத்துக் கட்டிவிட்டுப் போன பட்டை, துணிக்கொடி போல ஆடிக்கொண்டிருந்தது.

தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறோம். ஓட்டத்தின்போது யாரும் அதைத் தாண்டக் கூடாது. எல்லோருக்கும் அந்த விதியைச் சொல்லிக் கொடுத்தவனே குமரேசன்தான். அவன் அதைத் தாண்டினான், தினேஷின் கண்ணில் படவேண்டும் என்பதற்காக.

நான் அவசரப் பொத்தானை அடித்தேன். உருளை நிற்பதற்குள் வண்டி இடது பக்கம் சறுக்கி, பட்டையின் கொக்கி தெறித்து, உருளையைவிட்டு எகிறியது. விசிறியின் இரும்புக் கால்களுக்கும் வண்டிக்கும் நடுவே குமரேசனின் வலது கால் இருந்தது.

அவன் கத்தவில்லை. “அண்ணே, அண்ணே” என்று மெதுவாகக் கூப்பிட்டான். தரையெல்லாம் ஐஸ் கட்டிகள். அவற்றில் வழுக்கிக்கொண்டுதான் நாங்கள் அவனிடம் போனோம். தினேஷ் தன் சட்டையைக் கழற்றி அவன் காலைக் கட்டினான். கட்டும்போது வாய்விட்டு அழுதான். அந்த அழுகை பொய்யில்லை.

மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவன் போயிடுவான், நான் இருக்கணும்

மறுநாள் காலை பட்டறைக்குப் போய் இரண்டு ஓட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். என்னுடைய முந்நூற்று ஒன்று, தினேஷின் முந்நூற்று ஒன்பது. டைமிங் மாறவே இல்லை. டர்போ அழுத்தம் மாறவில்லை. காற்று மட்டும் கூடுதல் சூடு. பிறகு எட்டு எங்கிருந்து வந்தது?

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு குறுக்கு வழி அது. பட்டையை இறுக்க இறுக்க டயர் உருளையில் அழுந்தும், எண் குறையும். தளர்த்தினால் எண் ஏறும். எஞ்சின் அதே எஞ்சின்தான். கட்டு மட்டும் லேசாகியிருக்கும்.

தினேஷைத் தேக்காவுக்கு வரச் சொன்னேன். சாப்பாட்டுக் கடை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். தே தாரே தேநீர் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

“எத்தன கிளிக்?” என்று கேட்டேன்.

“ரெண்டு” என்றான். “இதுக்கு முன்னாடியும் பண்ணியிருக்கேன் மச்சான். ஒண்ணும் ஆனதில்ல.”

மறுநாள் மனிதவள அமைச்சிலிருந்து விசாரணைக்கு வருவதாக இருந்தது. தினேஷ் முந்திக்கொண்டு தொலைபேசியிலேயே ஒரு கதை சொல்லியிருந்தான். பட்டை கட்டுவது குமரேசன் வேலை. அவன் சரியாகக் கட்டவில்லை. கோட்டையும் தாண்டினான்.

“கோட்டத் தாண்டினது உண்மதானே?” என்றான்.

“ஏன் தாண்டினான்?”

தினேஷ் குவளையைச் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு தலையை நிமிர்த்தாமல் சொன்னான்.

“அவன் ஒர்க் பெர்மிட் மச்சான். எப்படியும் ஊருக்குப் போயிடுவான். நான் இங்கதான இருக்கணும்.”

அடிக்கக் கை ஓங்கியிருப்பேன். பக்கத்து மேசையில் குழந்தைகள் இருந்தார்கள். எழுந்து வந்துவிட்டேன். வெளியே பஃபலோ சாலையில் பூக்கடை, காய்கறிக்கடை, வழக்கம்போல ஜனம்.

அன்று மாலை மருத்துவமனைக்குக் குமரேசனைப் பார்க்கப் போனேன். காலைப் பற்றி அவன் முறையிடவில்லை.

“அண்ணே, நான்தான் பெல்ட்ட சரியா கட்டலைன்னு சொல்றாங்களாமே. ரூமு பசங்க பாக்க வந்தப்ப சொன்னாங்க.” போர்வையின் நுனியை மடித்து மடித்துப் பிரித்தான். “கால் போனது போச்சுண்ணே. ஆனா தானே கட்டத் தெரியாம கட்டி, தானே போயி விழுந்தான்னு ஊர்ல சொல்லுவாங்கள்ல. எம் மவன் அதக் கேட்டுக்கிட்டுத்தான வளரணும்.”

“நீ கட்டினது சரியாத்தான் இருந்துச்சு. நான் சொல்றேன்” என்றேன்.

“நீங்க சொல்லுவீங்களாண்ணே? அவரு உங்க வீட்டு ஆளு.”

அந்தக் கேள்விக்கு எனக்குக் கோபம் வந்தது. அவன்மேல் இல்லை.

தன் சதை

வீட்டில் கலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவள் முதலில் கேட்டது, “அவன உள்ள போட்டுருவாங்களா?”

“தெரியல.”

“தம்பின்னு பாக்க மாட்டீங்களா?”

அவள் கத்தியை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “பாக்காதீங்க” என்றாள். “ஆனா என்கிட்ட வந்து, சரியாத்தான் பண்ணேன்னு மட்டும் சொல்லாதீங்க. எனக்குக் கேக்க முடியாது.”

விசாரணைக்கு வந்த அதிகாரி ஒரு சீனப் பெண்மணி. இரண்டு வரைபடங்களையும் வைத்து, ஏன் ஒன்று எட்டுக் கூடுதலாக இருக்கிறது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு தினேஷின் பக்கம் திரும்பினார். தினேஷ் என்னைப் பார்த்தான், அவரைப் பார்க்கவில்லை.

“ஆமா. நான்தான் லூஸ் பண்ணேன்” என்றான்.

குமரேசன் பட்டை கட்டியதில் குறையில்லை என்று எழுதப்பட்டது. தினேஷுக்குத் தண்டனை கிடைத்தது. அவன் அதை அனுபவித்தான். பட்டறையை மூடினோம். உருளைகளை யாரோ பிரித்து எடுத்துப் போனார்கள். ஜாலான் புசாரில் எங்கள் வீட்டுக்கும் தினேஷ் வீட்டுக்கும் இடையே நடந்தால் பத்து நிமிடம்கூட ஆகாது. இன்றுவரை அவன் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. தீபாவளிக்குக் கலா மட்டும் பலகாரத்தோடு போய்விட்டு வருவாள். திரும்பி வந்ததும் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொள்வாள்.

குமரேசன் செயற்கைக் காலோடு ஊருக்குப் போனான். விமான நிலையத்தில், “எம்மேல தப்பில்லன்னு எழுதுன காயிதத்த வச்சிருக்கேண்ணே” என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான். அதில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நடக்கும்போது அவன் பையை யார் தூக்குவது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் முதலிடம்

அண்மையில் குமரேசன் தொலைபேசியில் கூப்பிட்டான். இங்கே வேலை செய்யும் அவன் கூட்டாளி ஒருவன் ஏதோ குழுவில் பார்த்து அனுப்பியிருக்கிறான். அரவிந்த் அன்று திரையைப் படம் எடுத்தார் அல்லவா, அந்தப் படம். எங்கள் பட்டறைப் பெயரோடு, உருளை டைனோக்களின் பட்டியலில் முதலிடத்தில் முந்நூற்று ஒன்பது.

“அத எடுக்கச் சொல்லுங்கண்ணே” என்றான். “நம்பர் தெரியுது, பக்கத்துல நம்ம மஞ்சக் கோடும் தெரியுது. பாக்க முடியல.”

அரவிந்தைக் கூப்பிட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். குமரேசன் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார்.

“ஆக்சிடென்ட் அடுத்த ரன்லதானே அங்கிள்? இது மெஷின்ல வந்த நம்பர். நான் எதுவும் எடிட் பண்ணல” என்றார். “எடுத்தா ஏன் எடுத்தேன்னு கேப்பாங்க.”

பட்டை தளர்த்திய எண் அது என்றேன். எல்லாக் கடையிலும் கொஞ்சம் அப்படி இப்படித்தான் அங்கிள் என்றார். எத்தனை சொல்லியும் அசையவில்லை.

குமரேசனைத் திரும்ப அழைத்தேன். பின்னால் ஏதோ மோட்டார் ஓடும் சத்தம். எடுக்க மாட்டேன் என்கிறார் என்று சொன்னேன்.

“சரி, விடுங்கண்ணே” என்றான். பிறகு, “நான் ஐஸ் வாங்கப் போயிருந்தேன்ல, அதனால எனக்குத் தெரியாது. பெல்ட்ட அவரு தளத்தாம இருந்திருந்தா எவ்வளவுண்ணே காட்டியிருக்கும்?”

“காலையில நான் எடுத்ததுதான். முந்நூத்தி ஒண்ணு.”

மறுமுனையில் அவன் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது.

“எட்டுதானாண்ணே?” என்றான்.

“எட்டுதான்பா” என்றேன்.